நுரை போனால் போதுமா? சலவைத்தூளும் நீர்நிலைகளும்

#1 தாமரைக்குளம்
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல இருக்கிற சந்தேகம். கடையில எந்த சோப்புத்தூள் பாக்கெட்டை எடுத்தாலும் "மக்கும் தன்மை கொண்டது"ன்னு ஏதாவது ஒரு மூலையில போட்டிருக்கான். ஆனா யமுனையில வெள்ளை வெள்ளையா நுரை மிதக்கிற படம் வருஷா வருஷம் பத்திரிகையில வருது. மக்கிப் போகுதுன்னா அந்த நுரை எங்கிருந்து வருது? நான் நுரை கம்மியா வர்ற திரவத்துக்கு மாறினேன். அதனால தண்ணிக்கு உண்மையிலேயே ஏதாவது நல்லது நடக்குதா, இல்ல என் மனசாட்சிக்கு மட்டும்தானா? "இயற்கைக்குத் திரும்புவோம்" மாதிரி பதில் வேண்டாம். விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

#2 சோதனைக்குழாய்
பல வருடம் சலவைப்பொருள் தயாரிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். நிறுவனப் பெயரெல்லாம் வேண்டாம், அது இங்கே முக்கியமும் இல்லை.

சோப்பு என்பது எண்ணெயோ கொழுப்போ காரத்தோடு சேர்ந்து உருவாகும் உப்பு. அதைத் தின்ன நுண்ணுயிரிகள் எங்கும் உண்டு. அதன் ஒரே பெரிய குறை கடினநீர். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருந்தால் சோப்பு திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் செயற்கைச் சலவைப்பொருள்கள் வந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அவை வீட்டுச் சோப்பை ஏறக்குறைய விரட்டிவிட்டன. அமெரிக்காவில் டைட் வந்தது 1946இல்.

அந்தக் காலத் தூள்களில் இருந்த முக்கியப் பொருள் ஆல்கைல் பென்சீன் சல்ஃபோனேட், சுருக்கமாக ஏபிஎஸ். பெட்ரோலியத்திலிருந்து மலிவாகக் கிடைத்த புரோப்பிலீனைக் கோத்துச் செய்தது. அதன் கார்பன் சங்கிலி நேராக இருக்காது, கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். பாக்டீரியா ஒரு சங்கிலியை நுனியிலிருந்துதான் தின்னத் தொடங்கும், கரும்பைக் கடித்துக்கொண்டே போவதுபோல. கிளை வந்ததும் நின்றுவிடும். விளைவு, 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளின் மேல் நுரை மலைபோல் எழுந்தது. சில ஊர்களில் கிணற்றுத் தண்ணீரே குழாயைத் திறந்ததும் நுரைத்தது.

மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் கொண்டுவந்தது. 1964இல் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க நிறுவனங்கள் 1965 நடுவில் அதே பொருளின் நேர்ச்சங்கிலி வகைக்கு, சுருக்கமாக எல்ஏஎஸ்ஸுக்கு, மாறி முடித்தன. அந்த எல்ஏஎஸ்தான் இன்றும் உலகம் முழுக்கப் பெரும்பாலான தூள்களில் இருக்கிறது. பாக்கெட்டில் "மக்கும்" என்று போடுவது இதை நம்பித்தான்.

#3 கரையோரன்
அப்போ பிரச்சினை 1965லயே முடிஞ்சுபோச்சுன்னு சொல்றீங்களா? அப்புறம் தாமரைக்குளம் கேட்ட யமுனை?

#4 காற்றுத்தொட்டி
சுத்திகரிப்பு நிலையத்துல ஆபரேட்டரா இருக்கேன். இதுக்கு நான் பதில் சொல்றேன்.

எல்ஏஎஸ் மக்கும்ங்கிறது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு: ஆக்சிஜன் வேணும். எங்க காற்றேற்றத் தொட்டி ஒழுங்கா ஓடினா உள்ள வர்ற எல்ஏஎஸ்ல 95 சதவீதத்துக்கு மேல, நல்லா நடத்தினா 98, 99 வரைக்கும் போயிடும். ஊதுகுழாய் நின்னா கதையே வேற. காத்து இல்லாத இடத்துல அந்த பாக்டீரியா எல்ஏஎஸ்ஸைத் தொடுறதில்ல.

இப்ப சுத்திகரிக்காத சாக்கடை நேரா ஆத்துல கலக்குதுன்னு வைங்க. மலமும் உணவுக்கழிவும் ஏற்கனவே ஆக்சிஜனைத் தின்னு தீர்த்துடுது. ஆறு மூச்சில்லாம கிடக்கு. அதுல வர்ற சலவைப்பொருள் மக்காமலே பயணம் பண்ணும். அது ஏதாவது அணைக்கட்டுல மேலேருந்து கீழ விழுந்தா அங்க காத்தும் தண்ணியும் கலக்கும், நுரை பொங்கும். டெல்லி ஓக்லா தடுப்பணைக்குக் கீழ பார்க்கிற நுரை அப்படித்தான். அங்க பிரச்சினை சலவைப்பொருள் மட்டும் இல்ல, சாக்கடை முழுசுமே சுத்திகரிக்காம வர்றதுதான். நுரை அதைக் காட்டிக்கொடுக்குது, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. நுரை கண்டாலே சலவைத்தூள்னு முடிவு பண்ணாதீங்க. காட்டு ஓடையில இலைதழை மக்கி வர்ற கரிமப் பொருளும் நுரைக்கும். அது கொஞ்சம் பழுப்பா, மண்வாசனையோட இருக்கும். சலவை நுரை பளீர் வெள்ளை, கிட்டப் போனா வாசனைத் திரவிய நெடி அடிக்கும்.

#5 ஆரல்மீன்
மக்கும் மக்காது என்பதை விட்டுவிட்டு மீனின் பக்கம் கொஞ்சம் பார்ப்போம். மக்குவதற்கு முன்னால் அது என்ன செய்கிறது?

சுத்தமான தண்ணீரின் பரப்பு இழுவிசை 72 என்ற அளவில் இருக்கும் (மீட்டருக்கு மில்லிநியூட்டன்). போதிய அளவு சலவைப்பொருள் கலந்தால் 30 பக்கம் இறங்கிவிடும். தண்ணீரின் மேல் ஓடும் பூச்சி மூழ்கும். வாத்தின் இறகில் எண்ணெய்ப்பசை போனால் தண்ணீர் உள்ளே இறங்கும், அதற்குக் குளிரும். அதைவிட மோசம் செவுள். செவுள் என்பது ஒரு மெல்லிய சவ்வு. கொழுப்பைக் கரைப்பதற்கென்றே செய்த பொருள் கொழுப்பால் ஆன சவ்வை விட்டுவைக்குமா? எல்ஏஎஸ் லிட்டருக்கு 1 முதல் 10 மி.கி. வரை இருந்தாலே பல மீன் இனங்களில் பாதி நான்கு நாளில் செத்துவிடும். முட்டையும் குஞ்சும் அதற்கும் குறைவிலேயே பாதிக்கப்படும்.

"மக்கும்" என்ற சொல் பாக்கெட்டில் இருப்பதால் ஓடையிலேயே துணி அலசுகிறவர்களை எனக்குத் தெரியும். ஓடைக்குள் நேரடியாகக் கொட்டும்போது மக்குவதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

#6 சோதனைக்குழாய்
ஆரல்மீன் சொன்ன அளவுகள் சரி. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரில் எல்ஏஎஸ் லிட்டருக்குச் சில மி.கி. முதல் 10 மி.கி.க்கு மேலும் இருக்கும், அதாவது மீன் சாகும் அளவு. ஒழுங்காகச் சுத்திகரித்து விடும் ஆறுகளில் அளந்தால் 0.1 மி.கி.க்கும் கீழே. ஒரே பாக்கெட், ஒரே தூள்தான். தண்ணீர் போன பாதை மட்டும் வேறு.

தாமரைக்குளம், நீங்கள் நுரை குறைந்த திரவத்துக்கு மாறியது பற்றி: நுரைக்கும் அழுக்குப் போவதற்கும் பெரிய தொடர்பு இல்லை. சொல்லப்போனால் முன்பக்கம் திறக்கும் இயந்திரங்களுக்கான தூளில் நுரையை அடக்கத் தனியாக ஒரு பொருள் போடுவோம். கையால் துவைப்பதற்கான தூளில் நுரை வரும்படி பார்த்துக்கொள்வோம், ஏனென்றால் நுரை வராவிட்டால் வாங்குபவர் "சரக்கு சரியில்லை" என்பார். ஆகவே நுரை குறைவு என்பதை வைத்துத் தண்ணீருக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

#7 தாமரைக்குளம்
நன்றி. ஆனா நுரைக்காத விஷயம் ஒண்ணு இருக்கே. பாஸ்பேட். அதைப் பத்தி யாரும் பேசலையே?

#8 ஏரிக்காவலன்
இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூளில் அழுக்கை எடுக்கும் பொருளைவிட அதிக எடையில் இருந்தது அதன் துணைப்பொருள். கடினநீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைக்க ஒன்று வேண்டும். அதற்கு அகப்பட்டது சோடியம் டிரைபாலிபாஸ்பேட். வேலையில் இதற்கு நிகர் இன்றுவரை கிடையாது என்று சோதனைக்குழாயே சொல்வார். 1960களின் அமெரிக்கத் தூள்களில் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை இதுதான். இதன் எடையில் கால்வாசி பாஸ்பரஸ்.

பாசியின் உடலில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன், 106 கார்பன் என்பது ரெட்ஃபீல்டு விகிதம். கார்பனும் நைட்ரஜனும் காற்றிலிருந்தும் வந்து சேரும். பாஸ்பரஸுக்கு அப்படிக் காற்றுவழி கிடையாது. ஏரியில் பாசி வளராமல் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் பாஸ்பரஸ் பற்றாக்குறைதான். அந்த விகிதப்படி கணக்குப் போட்டால் 1 கிராம் பாஸ்பரஸ் சுமார் 100 கிராம் உலர்ந்த பாசியை உருவாக்கும். அந்தப் பாசி செத்து மக்கும்போது சுமார் 140 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே ஏழரை மி.கி.தான். ஆக, ஒரு கிராம் பாஸ்பரஸ் 18,000 லிட்டருக்கு மேலான தண்ணீரின் மூச்சை நிறுத்தும். பழைய தூளில் 100 கிராம் போட்டு ஒருமுறை துவைத்தால் 10 கிராம் பாஸ்பரஸ் வெளியே போனது. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1960களின் இறுதியில் அமெரிக்கா–கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரி "செத்துவிட்டது" என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. பாசிக்குக் காரணம் பாஸ்பரஸ் அல்ல, கார்பன்தான் என்று சலவைப்பொருள் தொழில்துறை வாதாடியது. அதைத் தீர்த்துவைத்தது கனடாவில் ஒன்டாரியோவின் வடமேற்கே உள்ள ஒரு சிறிய ஏரி. பெயர்கூட இல்லை, 226 என்ற எண் மட்டும். டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 1973இல் அந்த ஏரியை நடுவில் ஒரு திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் ஊற்றினார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் ஊற்றிய பாதி முழுக்கப் பச்சையாகிவிட்டது, மறுபாதி அப்படியே கறுப்பாகத் தெளிந்து கிடந்தது. விமானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த பிறகு கார்பன் வாதம் எடுபடவில்லை. சூழலியலில் இவ்வளவு தெளிவான சோதனை அபூர்வம். எனக்குத் தெரிந்து ஒரே படம் இத்தனை பேரின் வாயை அடைத்தது இதில்தான்.

ஜப்பானில் வேறு விதம். பிவா ஏரியில் 1977இல் செம்பழுப்பாக நுண்பாசி பெருகி, குடிநீரில் மீன்வாடை அடித்தது. வீட்டுப் பெண்கள் திரண்டு செயற்கைத் தூளை விட்டுத் தூள்சோப்புக்கு மாறும் இயக்கம் நடத்தினார்கள். ஷிகா மாகாணம் 1979இல் பாஸ்பரஸ் கலந்த வீட்டுச் சலவைப்பொருளை விற்கவும் பயன்படுத்தவும் தடை போட்டது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. சுவிட்சர்லாந்து 1986இல் துணித்தூளில் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் வர 2013 ஜூன் ஆனது.

#9 வெட்டிப்பேச்சு
ஏரிக்காவலன் சார், கதை நல்லா இருக்கு. ஆனா ஒரு பக்கம்தான் சொல்றீங்க. மனுஷனோட கழிவுலயே பாஸ்பரஸ் இருக்கு. வயல்ல கொட்டுற உரத்துல அதைவிட எக்கச்சக்கம். ஈரி ஏரியை உதாரணம் காட்டுறீங்க, தூள்ல பாஸ்பேட்டை எடுத்து அத்தனை வருஷம் கழிச்சு 2014 ஆகஸ்ட்ல அதே ஏரியில நீலப்பச்சைப் பாசி விஷம் குடிநீருக்குள்ள வந்து, டொலிடோ நகரத்துல 4 லட்சத்துக்கும் மேல ஜனங்க குழாய்த் தண்ணியைக் குடிக்கக்கூடாதுன்னு அறிவிச்சாங்களே? அது எந்தச் சலவைத்தூள்? வீட்ல துணி துவைக்கிறவங்க தலையில பழியைப் போடுறது சுலபம். உரக் கம்பெனியையும் விவசாயத்தையும் தொட முடியாது, அதான்.

#10 ஏரிக்காவலன்
2014இல் வந்தது வயல் பாஸ்பரஸ்தான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு சரியல்ல.

ஒரு மனிதன் நாளொன்றுக்கு வெளியேற்றும் பாஸ்பரஸ் சுமார் ஒன்றரை கிராம். மேலே சொன்ன பழைய தூளில் ஒரே ஒரு சலவை அவன் ஒரு வாரக் கழிவுக்குச் சமம். அப்போது அமெரிக்க நகரக் கழிவுநீரின் பாஸ்பரஸில் பாதியளவு சலவைத்தூளிலிருந்து வந்தது. மனிதக் கழிவை நிறுத்த முடியாது. உரத்தைக் குறைக்க லட்சக்கணக்கான வயல்களில் பழக்கம் மாற வேண்டும். தூளை மாற்றச் சில ஆலைகள் மாறினால் போதும். மூடச் சுலபமான குழாயை முதலில் மூடுவதில் என்ன தவறு? 1970களில் தூளையும் நகரக் கழிவுநீரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியதால்தான் ஈரி 80களில் தெளிந்தது. பிறகு கெட்டது வேறு காரணத்தால்.

சியாட்டில் பக்கத்தில் வாஷிங்டன் ஏரி என்று ஒன்று. 1963 தொடங்கி 1968க்குள் அங்கே வந்த கழிவுநீரை முழுவதும் திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளில் தண்ணீர் கண்ணாடியானது. எல்லா ஏரியும் அப்படி அதிர்ஷ்டசாலி இல்லை. ஆழம் குறைந்த ஏரிகளில் அடிமண்ணில் தேங்கிய பாஸ்பரஸ், அடியில் ஆக்சிஜன் தீரும்போதெல்லாம் இரும்பின் பிடியிலிருந்து விடுபட்டு மேலே வந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து வருவதை நிறுத்தினாலும் பல ஆண்டுகள் பாசி விடாது. அதனால்தான் "யார் அதிகம் கொட்டினார்" என்று சண்டை போட்டுக்கொண்டே கொட்டிக்கொண்டிருப்பது ஆபத்து.

#11 கரையோரன்
பாத்திரம் கழுவும் இயந்திரத் தூளில் பாஸ்பேட்டைத் தடை செய்தபோது நடந்த கூத்து ஒன்று ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் ஸ்போக்கேன் பகுதியில் 2008இல் தடை வந்தது. பாத்திரத்தில் வெள்ளைத் திட்டு படிகிறது என்று சிலர் பக்கத்து மாநில எல்லையைத் தாண்டிப் போய்ப் பழைய தூளை வாங்கி வந்தார்கள்! சாராயம் கடத்துவது கேள்விப்பட்டிருக்கிறோம், சோப்புத்தூள் கடத்தல்...

#12 காற்றுத்தொட்டி
😂 நம்ம ஆளுங்க மட்டும்தான்னு நினைச்சிட்டு இருந்தேன்.

சும்மா ஒரு தகவல்: காற்றேற்றத் தொட்டி எல்ஏஎஸ்ஸைத் தின்னுடும், ஆனா பாஸ்பரஸைத் தின்னாது. சாதாரண நிலையம் அதுல ஒரு பகுதியைத்தான் கசடோட எடுக்கும், மிச்சம் தெளிஞ்ச தண்ணியோடவே ஆத்துக்குப் போகும். அதை எடுக்கணும்னா இரும்பு உப்போ படிகாரமோ போட்டுப் படிய வைக்கணும், இல்லன்னா அதுக்குன்னே தனியா தொட்டி கட்டணும். தண்ணி கண்ணுக்குப் பளிங்கா இருக்கும், நுரையே இருக்காது, உள்ள பாஸ்பேட் இருக்கும். அதான் நான் நுரையைப் பார்த்து யாரையும் திட்டுறதில்ல, பாராட்டுறதும் இல்ல.

#13 தாமரைக்குளம்
சரி, பாஸ்பேட்டுக்குப் பதிலா இப்ப என்ன போடறாங்க? அது மட்டும் யோக்கியமா?

#14 சோதனைக்குழாய்
நல்ல கேள்வி. யோக்கியம் என்று எதுவும் இல்லை. கெடுதல் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

முக்கிய மாற்று சியோலைட். களிமண்ணுக்கு உறவான அலுமினோசிலிகேட். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். கரையாது, பெரும்பகுதி கசடில் போய்ச் சேரும். நீர்வாழ் உயிர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. ஆனால் தனியாக வேலை செய்யாது. கூடவே சலவைச் சோடாவும் பாலிகார்பாக்சிலேட் என்ற பாலிமரும் வேண்டும். அந்தப் பாலிமர் எளிதில் மக்காது. நச்சு குறைவு, ஆனால் நெடுங்காலம் கிடக்கும்.

இடிடிஏ என்றொரு பொருள் உலோகங்களைக் கவ்விப் பிடிக்கும். சாதாரணச் சுத்திகரிப்பில் அசையாது. ஆற்றுக்குப் போய் அடிமண்ணில் படிந்த கன உலோகங்களை மறுபடி கரைத்துவிடும் என்ற அச்சம் உண்டு. பல இடங்களில் மக்கக்கூடிய மாற்றுகள் வந்துவிட்டன.

சட்டை வெள்ளை வெளேரென்று இருப்பதற்குக் காரணம் அழுக்குப் போனது மட்டும் இல்லை. ஒளிர்வூட்டிகள் என்ற சாயம் துணியில் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்புகிறது. அவ்வளவும் கண்கட்டு வித்தை. இவை நுண்ணுயிரிக்கு மசியாது, வெயில்தான் மெல்லச் சிதைக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓடையில் வீட்டுக் கழிவுநீர் திருட்டுத்தனமாகக் கலக்கிறதா என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் இந்த ஒளிர்வையே தேடுகிறார்கள். மாடும் பன்றியும் சலவைத்தூள் போடாது அல்லவா!

மிக மோசமானது என்று நான் சொல்வது நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் என்ற அழுக்கெடுக்கும் பொருள். இது மக்கும். பாதி மக்கியதும் வரும் நோனைல்ஃபீனால் மூலப்பொருளைவிட நச்சானது, பெண் ஹார்மோன்போல நடிக்கும். இங்கிலாந்தில் ஏர் ஆற்றில் கம்பளி அலசும் ஆலைகளின் கழிவு கலந்த இடத்தில், 1990களில் ஆண் மீன்களின் இரத்தத்தில் முட்டைக்கரு புரதம் கண்டார்கள். ஐரோப்பா 2003இல் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. "மக்கும்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

#15 இலைச்சருகு
இவ்வளவு ரசாயனப் பெயர்களைப் படித்தாலே தலை சுற்றுகிறது. எதற்கு இந்த வம்பு? பூந்திக்கொட்டையை ஊறவைத்துத் துவைத்தால் போதுமே. எந்தப் பக்கவிளைவும் இல்லை, மண்ணுக்கும் மீனுக்கும் நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

#16 ஆரல்மீன்
மண்ணுக்கு நல்லது என்பதை விடுங்கள். மீனுக்கு நல்லது என்று மட்டும் சொல்லாதீர்கள், தயவுசெய்து! பூந்திக்கொட்டையில் நுரைப்பது சாப்போனின். அது நேரே செவுளைத் தாக்கும். சாப்போனின் உள்ள தாவரங்களை இடித்துத் தேங்கிய தண்ணீரில் கலக்கி, மயங்கி மிதக்கும் மீனைப் பொறுக்குவது உலகின் பல மூலைகளில் நடந்த பழைய மீன்பிடி முறை. செடியிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் செவுளுக்கு ஒன்றுதான்.

#17 இலைச்சருகு
அப்படியென்றால் சோப்புத்தூளே மேல் என்கிறீர்களா? ஆயிரக்கணக்கான வருடமாக மனிதன் பயன்படுத்திய ஒன்றை ஒரே வரியில் ஒதுக்குவது சரியாகப் படவில்லை.

#18 ஆரல்மீன்
ஒதுக்கவில்லை. சாப்போனின் மக்கும், அதில் பாஸ்பேட் இல்லை, ஒளிர்வூட்டி இல்லை. அவை பெரிய லாபம். துவைத்த தண்ணீரை மண்ணில் விடுங்கள், ஓடையிலோ குளத்திலோ விடாதீர்கள் என்று மட்டும்தான் சொல்கிறேன். இந்த எச்சரிக்கை சாதாரணத் தூளுக்கும் அப்படியே பொருந்தும்.

#19 மட்டுறுத்துநர்
"100% இயற்கை, குடித்தாலும் ஒன்றும் ஆகாது" என்று ஒரு சலவைத் திரவத்துக்கு விளம்பரம் போட்ட பதிவை நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, கெடுக்காதீர்கள்.

#20 மொட்டைமாடி
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். மண்ணில் விடுங்கன்னு சொன்னதால கேக்கிறேன். வாஷிங் மெஷின் தண்ணியைச் செடிக்கு விடுறேன். கொஞ்ச நாளா தொட்டி மண் மேல பாளம் பாளமா இறுகுது, தண்ணி உள்ள இறங்க மாட்டேங்குது. தூளா காரணம்?

#21 ஏரிக்காவலன்
பெரும்பாலும் சோடியம். தூளில் அளவைக் கூட்டச் சேர்க்கும் சோடியம் சல்ஃபேட், சலவைச் சோடா, சியோலைட் விடும் சோடியம் எல்லாம் சேர்ந்து மண்ணில் ஏறுகிறது. களிமண் துகள்களைக் கோத்துப் பிடித்திருக்கும் கால்சியத்தைச் சோடியம் தள்ளிவிடும். துகள் கலைந்து துளையை அடைக்கும். மேலே பாளமாக இறுகுவது அதன் அடையாளம்தான். கூடவே தூள் கலந்த தண்ணீரின் காரத்தன்மை pH அளவில் 10 பக்கம் போகும், செடிக்கு அதுவும் பிடிக்காது.

திரவச் சலவைப்பொருளில் பொதுவாகச் சோடியம் குறைவு. முதல் சலவைத் தண்ணீரை விட்டுவிட்டு அலசும் தண்ணீரை மட்டும் செடிக்கு விடுங்கள். நடுநடுவே நல்ல தண்ணீர் விட்டு மண்ணை அலசுங்கள். மண் ரொம்ப இறுகியிருந்தால் ஜிப்சம் தூவினால் கால்சியம் திரும்பக் கிடைக்கும். போரான் சேர்ந்த வெளுப்புத்தூள் என்றால் வேண்டவே வேண்டாம். போரான் செடிக்குத் துளி போதும், கொஞ்சம் கூடினால் இலை ஓரம் கருகும். சுத்திகரிப்பு நிலையத்தாலும் அதை எடுக்க முடியாது. பெர்கார்பனேட் வெளுப்பான் என்றால் தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடும் சோடாவுமாகப் பிரியும், போரான் தொல்லை இல்லை.

#22 வெட்டிப்பேச்சு
சரி, நான் நேரா கேக்கிறேன். பாக்கெட்ல போட்டிருக்கிற "மக்கும்"ங்கிறதுக்கு ஏதாவது அளவுகோல் இருக்கா, இல்ல இஷ்டத்துக்குப் போடறாங்களா?

#23 சோதனைக்குழாய்
அளவுகோல் இருக்கிறது, ஆனால் அது எந்த அளவுகோல் என்று கேட்க வேண்டும்.

பழைய விதிகள் "முதல்நிலைச் சிதைவு" மட்டும் பார்த்தன. மூலக்கூறு நுரைக்கும் குணத்தை இழந்தால் போதும், தேர்ச்சி. எல்ஏஎஸ் போன்றவற்றை மெத்திலீன் நீலச் சாயத்தோடு சேர்த்து அளப்பார்கள். சாயம் பிடிக்கவில்லை என்றால் போய்விட்டது என்று கணக்கு. மூலக்கூறின் மிச்சம் என்ன ஆனது என்று கேள்வியே இல்லை. நோனைல்ஃபீனால் அந்த ஓட்டை வழியாகத்தான் நழுவியது. ஐரோப்பா 2005 அக்டோபர் முதல் "முழுச் சிதைவு" கேட்கிறது: 28 நாளில் குறைந்தது 60 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும்.

இதிலும் இரண்டு பிடி உண்டு. ஒன்று, அந்த விதி அழுக்கை எடுக்கும் பொருளுக்குத்தான். பாலிமருக்கும் ஒளிர்வூட்டிக்கும் வாசனைக்கும் அது பொருந்தாது. இரண்டு, சோதனை நடப்பது காற்றோட்டமுள்ள குடுவையில். காற்றுத்தொட்டி சொன்ன மூச்சில்லாத ஆற்றில் இல்லை.

#24 மொட்டைமாடி
காத்து இல்லாத இடம்னா செப்டிக் டேங்க் கூட அப்படித்தானே? அதுல சலவைத் தண்ணி போனா என்ன ஆகும்? டேங்க்ல இருக்கிற பாக்டீரியா செத்துடும்னு ஒருத்தர் சொன்னார்.

#25 காற்றுத்தொட்டி
வழக்கமான அளவுல சலவைத்தூள் போறதால டேங்க் செத்துப்போறதில்ல. கிருமிநாசினியைப் பாட்டில் பாட்டிலா கவுத்தாத்தான் அந்தக் கதை. ஆனா எல்ஏஎஸ் டேங்குக்குள்ள மக்காது. பாதி கசடோட ஒட்டி அடியில தங்கும், மீதி தண்ணியோட வெளிய போகும். வெளிய இருக்கிற உறிஞ்சு மண்ணுல காத்தோட்டம் இருந்தா அங்க மக்கிடும். நிலத்தடி நீர் மேலயே நின்னு மண் எப்பவும் ஊறிக் கிடந்தா அங்கயும் மக்காது, கிணறு பக்கத்துல இருந்தா அதுக்குள்ள போகும். இந்தியக் குடிநீர்த் தரத்துல இந்த வகைப் பொருளுக்கு லிட்டருக்கு 0.2 மி.கி.தான் ஏற்கத்தக்க அளவு. வேற தண்ணியே இல்லன்னா 1 மி.கி. வரை.

எங்க நிலையத்துலயும் காத்தில்லாத செரிப்புத் தொட்டியில இதே கதைதான். கசட்டுல எல்ஏஎஸ் கிலோவுக்குக் கிராம் கணக்குல நிக்கும். டென்மார்க்ல வயலுக்குப் போடுற கசட்டுக்கு உலர் எடையில கிலோவுக்கு 1,300 மி.கி.ன்னு வரம்பே வச்சாங்க. ஆனா அந்தக் கசட்டை வயல்ல பரப்பி மண் காத்து வாங்கினா சில வாரத்துல போயிடுது. டேங்க் அள்ளுற வண்டிக்காரர் அதை எங்க கொண்டுபோய்க் கொட்டறார்னு கேளுங்க. வாய்க்கால்லன்னா, நீங்க எந்தத் தூள் வாங்கினாலும் வித்தியாசமில்ல.

#26 தாமரைக்குளம்
அப்ப நான் செய்யக்கூடியது என்ன? பாஸ்பேட் இல்லாததா பார்த்து வாங்கறேன். வேற?

#27 சோதனைக்குழாய்
அளவைக் குறையுங்கள். பெரும்பாலானோர் தேவைக்கு மேல் போடுகிறார்கள், காரணம் மறுபடியும் அந்த நுரைதான். தண்ணீரின் கடினத்தைப் பொறுத்தே அளவு. மென்னீர் என்றால் பாக்கெட்டில் மென்னீருக்குச் சொன்ன அளவு போதும். நொதி சேர்ந்த தூள் என்றால் துணியை ஊறவிடுங்கள், நொதிக்கு நேரம் வேண்டும், கூடுதல் தூள் தேவையில்லை. துணி மென்மையாக்கியை விட்டுவிடலாம். ஐரோப்பாவில் 90களின் தொடக்கத்தில் பழைய வகையைக் கைவிட்டு எளிதில் மக்கும் வகைக்கு மாறினார்கள். மற்ற இடங்களில் எது இருக்கிறது என்று பாக்கெட் சொல்வதில்லை.

#28 வெட்டிப்பேச்சு
வண்டிக்காரர்கிட்ட கேட்டேன். சிரிச்சிட்டுப் போறார்.

#29 காற்றுத்தொட்டி
அப்ப வாய்க்கால்தான். அடுத்த தடவை கூப்பிடறதுக்கு முன்னாடி, சுத்திகரிப்பு நிலையத்துல இறக்கினதுக்கான ரசீது தருவாரான்னு கேளுங்க. தர்ற வண்டி எதுன்னு பக்கத்து நிலையத்துலயே விசாரிக்கலாம், எங்க வாசல்ல எந்தெந்த வண்டி வருதுன்னு பதிவேடு இருக்கும்.